சமரசத்துக்கு முன் பாதுகாப்பு: கிருஷ்ணகிரி மாவட்டப் பங்கு ஒன்றில் குடும்ப வன்முறை குறித்த நிகழ்வு ஆய்வு

கிருஷ்ணகிரி மாவட்டத்திலுள்ள ஒரு கிராமக் கத்தோலிக்கப் பங்கில், அதாவது ஒரு பங்குத்தந்தையின் பொறுப்பிலுள்ள ஆலயச் சமூகத்தில், ஒரு மே மாதம் தொடங்கி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுகள் நீடித்த நிகழ்வு இங்கே பதிவு செய்யப்படுகிறது. சம்பந்தப்பட்ட பெண்ணுக்கு இது முழுவதும் வாசித்துக் காட்டப்பட்டு, அவர் நீக்கச் சொன்னவை நீக்கப்பட்டு, அவருடைய ஒப்புதலோடு வெளிவருகிறது. ஊர், தொழில், பிள்ளைகளின் வயது ஆகியவற்றில் அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. அப்பெண்ணுக்குத் துணையாக நின்ற நால்வரில் நானும் ஒருவர். குடும்பத் தகராறு என்றாலே இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசி முடிப்பதையே நம் பங்குகள் பெரும்பாலும் அறிந்திருக்கின்றன. அடி வாங்குகிறவர் இருக்கும் வீட்டில் அந்த முறை அவரை மேலும் ஆபத்தில் தள்ளும் என்பதைப் பிற பங்குகளும் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை விரிவாக எழுதுகிறேன்.

பின்னணி

இப்பங்கில் முந்நூறுக்குச் சற்றுக் குறைவான குடும்பங்கள் உள்ளன. மாந்தோப்புக் குத்தகையும் மாங்கூழ் ஆலை வேலையும் பலருக்குப் பிழைப்பு. இளைஞர்கள் பலர் ஓசூர் தொழிற்சாலைகளுக்குப் பேருந்தில் போய் வருகிறார்கள். குடும்பங்கள் அன்பியங்களாகப் பிரிக்கப்பட்டு, வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபிக்கின்றன. ஒரு வீட்டில் நடப்பது அடுத்த வீட்டுக்குத் தெரியாமல் போகும் ஊர் அல்ல இது.

அப்பெண்ணுக்கு முப்பதுகளின் நடுவில் வயது. தருமபுரி மாவட்டத்திலிருந்து திருமணமாகி வந்தவர். வீட்டில் தையல் இயந்திரம் வைத்து ரவிக்கை தைப்பார். மகளிர் சுயஉதவிக் குழுவிலும் உறுப்பினர். பெண் ஒன்று, ஆண் ஒன்று என இரண்டு பிள்ளைகள். கணவர் தோப்புக் குத்தகைத் தொழில் செய்பவர். பங்குத்தந்தைக்கு ஆலோசனை கூறும் பங்குப் பேரவையின் உறுப்பினர். பாடகர் குழுவை நடத்துபவர். திருவிழாக் கணக்கில் ஒரு ரூபாய் பிசகாதவர் என்று பெயர் பெற்றவர். அவர் மது அருந்துவதில்லை. இந்த ஒரு செய்தி பின்னால் நடந்த பலவற்றைத் தீர்மானித்தது. அடிப்பதையும் குடியையும் ஒன்றாகவே பார்த்துப் பழகிய ஊரில், குடிக்காத மனிதர் மனைவியை அடிப்பார் என்பதை ஏற்பதற்கே பலருக்கு மாதங்கள் ஆயின.

தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயது வரையான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகத் தெரிவித்ததைப் பதிவு செய்கிறது. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால், வன்முறைக்கு ஆளான பெண்களில் 14 விழுக்காட்டினர் மட்டுமே உதவி கேட்டிருக்கிறார்கள். 77 விழுக்காட்டினர் உதவியும் கேட்கவில்லை, எவரிடமும் சொல்லவும் இல்லை. இப்பெண் சொல்லியிருந்தார். சொன்ன பிறகு என்ன ஆயிற்று என்பதைப் பார்க்க வேண்டும்.

முன்பு ஒருமுறை செய்யப்பட்ட சமரசம்

பங்கு மருந்தகத்தில் அவர் மனம் திறந்து பேசிய அந்த மே மாதத்துக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே, தன் அன்பியப் பொறுப்பாளரிடம் கணவர் அடிப்பதாக அவர் கூறியிருக்கிறார். பொறுப்பாளர் நல்லெண்ணத்தோடு பெரியவர்கள் மூவரை அழைத்துக்கொண்டு அன்றைய பங்குத்தந்தையிடம் சென்றார். கணவனும் மனைவியும் பங்கு இல்லத்து வரவேற்பறையில் அருகருகே உட்காரவைக்கப்பட்டார்கள். என்ன பிரச்சினை என்று கணவர் முன்னிலையிலேயே மனைவியிடம் கேட்கப்பட்டது. சில்லறைச் சண்டைதான் என்று அவர் சொன்னார். வேறு எதைச் சொல்லியிருக்க முடியும் என்று தெரியவில்லை. கணவர் மன்னிப்புக் கேட்டார், பீடத்தின் முன் முழங்காலிட்டார், பெரியவர்கள் கண்கலங்கினார்கள். பிள்ளைகளுக்காகப் பொறுத்துப்போகும்படி அவருக்கும், கோபத்தைக் குறைக்கும்படி கணவருக்கும் அறிவுரை கூறப்பட்டது.

அன்றிரவு, வீட்டு விஷயத்தை வெளியே சொன்னதற்காக அவர் அடிக்கப்பட்டார். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து வரும்போது, எல்லாம் சரியாகிவிட்டதல்லவா என்று பொறுப்பாளர் கேட்டதற்கு, சரியாகிவிட்டது என்று பதில் சொன்னார். அந்தப் பதிலோடு பங்கின் பார்வையில் அது முடிந்துபோன விவகாரம் ஆனது.

அப்பெரியவர்களில் எவரும் கெட்டவர் அல்லர். அச்சம் நிலவும் உறவில் இருவரும் சமமாகப் பேச முடியாது என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்கவில்லை. அடித்தவரும் அடி வாங்கியவரும் ஆளுக்குப் பாதி விட்டுக்கொடுக்க வேண்டும் என்று கேட்பது, அடிக்குப் பாதி நியாயம் இருப்பதாக ஒப்புக்கொள்வதாகும்.

கவனிக்கப்பட்டவை

பின்னோக்கிப் பார்க்கும்போது, அறிகுறிகள் பலருடைய கண்ணில் தனித்தனியாகப் பட்டிருந்தன. அன்பியக் கூட்டங்களுக்கு அவர் வருவது படிப்படியாக நின்றது. கேட்டவர்களிடம் தையல் வேலை அதிகம் என்று கணவரே பதில் சொன்னார். சித்திரை வெயிலிலும் முழங்கை மறையும் ரவிக்கை அணிந்து வந்தார். சுயஉதவிக் குழுவில் அவர் பெயரில் எடுத்த கடனைக் கணவர் வாங்கிக்கொண்டதும், வங்கி அட்டையும் கைப்பேசியும் கணவரிடமே இருந்ததும் குழுத் தலைவிக்குத் தெரியும். மறைக்கல்வி வகுப்பில் நன்றாகப் பேசிக்கொண்டிருந்த மகள் வாய் திறப்பதையே நிறுத்திவிட்டாள் என்பதை ஆசிரியை கவனித்திருந்தார். மகன் இரவில் படுக்கையை நனைக்கிறான் என்று மருந்தகத்தில் இருமுறை மருந்து கேட்கப்பட்டிருந்தது.

ஆசிரியைக்குத் தெரிந்தது குழுத் தலைவிக்குத் தெரியவில்லை. குழுத் தலைவி அறிந்தது மருந்தகத்துக்கு எட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் எளிய விளக்கம் ஒன்று இருந்ததால், இவற்றை யாரும் ஒருசேர வைத்துப் பார்க்கவில்லை.

மருந்தகத்தில் பேசிய நாள்

மே மாதத்தில் ஒருநாள், வீங்கிய மணிக்கட்டோடு அவர் பங்கு மருந்தகத்துக்கு வந்தார். கணவர் கூடவே வந்து, மாட்டுக் கொட்டகையில் வழுக்கி விழுந்துவிட்டதாகக் கூறினார். மருந்தகத்தை நடத்தும் அருட்சகோதரி பயிற்சி பெற்ற செவிலியர். விழுந்தவர்களுக்கு உள்ளங்கையில் இருக்கும் சிராய்ப்பு இவருக்கு இல்லை என்பதையும், முன்கையின் வெளிப்புறத்தில் பழைய கன்றல் மஞ்சளாக மாறியிருப்பதையும் அவர் கண்டார். கணவரிடம் எதுவும் கேட்காமல், பெண்களுக்குரிய வேறொரு பரிசோதனையும் செய்ய வேண்டும் என்று கூறி, அவரை மட்டும் உள்ளறைக்கு அழைத்துச் சென்றார்.

யார் அடித்தார்கள் என்று அருட்சகோதரி கேட்கவில்லை. இப்படிப்பட்ட காயங்களோடு வரும் பெண்கள் சிலருக்கு வீட்டில் பாதுகாப்பு இருப்பதில்லை, உனக்கு எப்படியம்மா என்று மட்டும் கேட்டார். சிறிது நேரம் கழித்து வந்த பதில் இது: "சிஸ்டர், அவரு ஒரு சொட்டு கூடக் குடிக்கமாட்டாரு. நான் சொன்னா யாரு நம்புவாங்க?" நான் நம்புகிறேன் என்று அருட்சகோதரி சொன்னார். அன்று அதற்கு மேல் எதையும் வற்புறுத்தவில்லை. மணிக்கட்டுக் கட்டை மாற்றுவதற்காக நான்கு நாள் கழித்துத் தனியாக வரச் சொல்லி அனுப்பினார். அடுத்தடுத்து நடந்த அந்தச் சந்திப்புகளில்தான் முழு விவரமும் வெளிவந்தது.

ஆபத்தின் அளவை அறிவதற்காகக் கேட்கப்பட்ட கேள்விகள் முக்கியமானவை. அடி அடிக்கடி நிகழத் தொடங்கியிருக்கிறதா, கொன்றுவிடுவதாகவோ தான் செத்துப்போவதாகவோ மிரட்டியிருக்கிறாரா, வீட்டில் பூச்சிமருந்தோ பெட்ரோலோ எங்கே இருக்கிறது, எப்போதாவது கழுத்தை நெரித்திருக்கிறாரா என்று கேட்கப்பட்டது. கழுத்தை நெரித்தல், பின்னால் கொலையில் முடியக்கூடிய உறவைக் காட்டும் கடுமையான அறிகுறிகளில் ஒன்று. வெளியில் காயமே தெரியாமல்கூட இருக்கலாம். இரண்டு முறை நெரித்திருக்கிறார் என்பது அவர் பதில். பிள்ளைகளைப் பற்றியும் தனியாகக் கேட்கப்பட்டது. குழந்தைகள்மீது பாலியல் கொடுமை நடந்ததாகத் தெரியவந்தால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் செய்வது கட்டாயம் என்பதை, அக்கேள்வியைக் கேட்பதற்கு முன்பே அருட்சகோதரி விளக்கிவிட்டார். அப்படி எதுவும் இல்லை என்று தெரிந்தது. ஆனால் அடிக்கும்போது மகள் தம்பியை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்வாள் என்று தாய் கூறினார்.

எடுக்கப்பட்ட முடிவுகளும் காரணங்களும்

அப்பெண்ணின் அனுமதியோடு நால்வருக்கு மட்டும் செய்தி சொல்லப்பட்டது: அருட்சகோதரி, புதிதாக வந்திருந்த பங்குத்தந்தை, சுயஉதவிக் குழுத் தலைவி, நான். பேரவைக்கோ அன்பியத்துக்கோ சொல்லவில்லை. தமிழ்நாட்டில் மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்கு வித்திட்ட திட்டம் 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு, கிருஷ்ணகிரி அப்போது சேர்ந்திருந்த தருமபுரி மாவட்டத்தில்தான் தொடங்கப்பட்டது. ஆகையால் இப்பகுதிப் பெண்களுக்குக் குழுத் தலைவி வீட்டுக்குப் போய்வருவது எவர் கண்ணையும் உறுத்தாத பழக்கம். அந்த வழக்கமான போக்குவரத்தே எங்களுக்குத் தொடர்பு வழியாக அமைந்தது.

முதல் முடிவு, கணவரிடம் இப்போது எதுவும் பேசுவதில்லை என்பது. இது பங்குத்தந்தைக்கு எளிதாக இல்லை. குற்றம் செய்த சகோதரனிடம் முதலில் தனியாகப் போய்ப் பேச வேண்டும் என்று மத்தேயு நற்செய்தியின் 18ஆம் அதிகாரம் கூறுவதை அவர் நினைவூட்டினார். அந்தப் பகுதி, குற்றத்துக்கு ஆளானவர் தாமாகப் போய்ப் பேசுவதைப் பற்றியது. அவருக்குத் தெரியாமல் மற்றவர்கள் போய்க் கண்டித்தால் அதன் விலையை அன்றிரவு அவரே கொடுக்க நேரும் என்பதை முந்தைய சமரசம் காட்டியிருந்தது. வன்முறை செய்பவரின் பிடியிலிருந்து பெண் விலகப்போகிறார் என்று தெரியும் நேரமே மிக ஆபத்தான நேரம் என்பதும் பேசப்பட்டது. பங்குத்தந்தை ஏற்றுக்கொண்டார்.

இரண்டாவது முடிவு ஒப்புரவு அருட்சாதனம், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் பற்றியது. கணவர் மாதந்தோறும் இதே பங்குத்தந்தையிடம் பாவசங்கீர்த்தனம் செய்பவர். அங்கே கேட்டதை வெளியிடுவதைத் திருச்சபைச் சட்டத்தின் 983ஆம் பிரிவு தடுக்கிறது. கேட்டதைப் பாவம் அறிக்கையிட்டவருக்குப் பாதகமாகப் பயன்படுத்துவதை 984ஆம் பிரிவு தடுக்கிறது. இருவருடைய அந்தரங்கத்தையும் ஒரே குரு சுமந்தால், அவர் கண்ட முடிவு எதனால் வந்தது என்ற ஐயம் பின்னால் எழும். எனவே மாதக் கடைசி வாரத்தில் பாவசங்கீர்த்தனம் கேட்கப் பக்கத்துப் பங்குக் குரு ஒருவரை அழைக்கும் வழக்கம், எவருக்கும் காரணம் சொல்லாமல், எல்லோருக்கும் பொதுவாகத் தொடங்கப்பட்டது.

அடுத்தது சான்றுகள். பங்கு மருந்தகத்தின் சீட்டு நீதிமன்றத்தில் அவ்வளவாக எடுபடாது. அரசு மருத்துவமனையில் காயத்தின் காரணத்தைச் சொல்லிப் பதியும் விபத்துப் பதிவேட்டின் நகலே, அதாவது ஏ.ஆர். காப்பியே வலுவானது. அடுத்த முறை காயம்பட்டபோது, குழுக் கடன் வேலை என்று சொல்லித் தலைவியோடு அரசு மருத்துவமனைக்குச் சென்று, கணவர் அடித்தார் என்று மருத்துவரிடம் சொல்லிப் பதிவு செய்துகொண்டார். நாள் குறித்த சிறு குறிப்புகள் அருட்சகோதரியின் அலமாரியில் வைக்கப்பட்டன.

வெளியேற வேண்டிய நிலை வந்தால் கைக்கொள்ள வேண்டியவையும் முன்கூட்டியே ஆயத்தமாயின. ஆதார் அட்டைகள், குடும்ப அட்டையின் நகல், திருமணப் பதிவின் சான்று, பிள்ளைகளின் பிறப்பு, ஞானஸ்நானச் சான்றுகள், குழுச் சேமிப்புப் புத்தகம், இரண்டு செட் துணி ஆகியவை தைக்க வந்த துணிப் பையோடு பையாகத் தலைவியின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தன. ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையின் நிதியிலிருந்து ஒரு தொகை, பயனாளியின் பெயர் குறிக்காமல், பங்குத்தந்தையின் பொறுப்பில் ஒதுக்கிவைக்கப்பட்டது. பெண்கள் உதவி எண் 181, அவசர உதவி எண் 112 ஆகியவற்றை அவர் மனப்பாடமாக வைத்துக்கொண்டார், ஏனெனில் அவரிடம் கைப்பேசி இல்லை. மகளுக்கும் ஒன்று கற்பிக்கப்பட்டது: சத்தம் தொடங்கினால் தம்பியோடு பின்வாசல் வழியாகத் தலைவி வீட்டுக்கு ஓடிவிட வேண்டும், அம்மாவைக் காப்பாற்ற முயலக் கூடாது.

போகவேண்டுமா, இருக்கவேண்டுமா என்பதில் நாங்கள் எதையும் அவருக்காக முடிவு செய்யவில்லை. ஜூன், ஜூலை முழுவதும் அவர் இருந்தார். அது எங்களுக்குக் கடினமான காலம். சீக்கிரம் போய்விடு என்று சொல்லத் தோன்றிய நேரங்கள் பல. ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று கணவர் சொன்னபடி பல ஆண்டுகள் நடந்தவருக்கு, நாங்களும் அதையே செய்தால் அவருடைய வாழ்வில் மாறியது என்ன என்று அருட்சகோதரி கேட்ட கேள்விக்கு எங்களிடம் மறுப்பு இல்லை.

வெளியேறிய இரவு

மரியன்னையின் விண்ணேற்புப் பெருவிழாவுக்கு அடுத்த வாரத்தில், தையல் கூலியில் மறைத்துவைத்த பணத்தைக் கணவர் கண்டுபிடித்துக் கழுத்தை நெரித்தார். பிள்ளைகள் கற்பித்தபடி ஓடிவிட்டார்கள். கணவர் தூங்கிய பின் அப்பெண்ணும் தலைவி வீட்டை அடைந்தார்.

கன்னியர் இல்லத்துக்கு அழைத்துச் செல்லலாமே என்று அப்போது தோன்றியது இயல்பு. ஆனால் கணவர் முதலில் தேடும் இடம் அதுதான் என்பதால், விடியும் முன்பே வாடகைக் காரில் மாவட்டத் தலைநகருக்குச் சென்று, முதலில் அரசு மருத்துவமனையிலும் பின்னர் ஒருங்கிணைந்த சேவை மையத்திலும் சேர்க்கப்பட்டார். மருத்துவ உதவி, காவல் உதவி, சட்ட ஆலோசனை, உளவியல் ஆலோசனை ஆகியவற்றோடு ஐந்து நாள்வரை தங்குமிடமும் ஒரே கூரையின்கீழ் தரும் இம்மையங்கள் 2015இல் மத்திய அரசின் திட்டமாகத் தொடங்கப்பட்டவை. நம் பங்குகளில் பெரும்பாலோர் இதை அறிந்திருக்கவில்லை.

அடுத்த தடை தாய்வீடு. வாழாமல் வந்தவள் என்ற பேச்சுக்கு அண்ணன் அஞ்சினார். தாய் வேறொன்றுக்கு அஞ்சினார், அவ்வூர்ப் பங்குத்தந்தையிடம் அவர் கேட்டது, "தனியா வந்துட்டா நன்மை வாங்க முடியுமா சாமி?" என்பதுதான். கணவனைப் பிரிந்து வாழும் பெண், மறுமணம் செய்யாதவரை, பிரிந்திருப்பதன் காரணமாகவே நற்கருணை (பேச்சு வழக்கில் நன்மை) பெறும் உரிமையை இழப்பதில்லை. இந்த ஒரு விளக்கம் அந்த வீட்டின் கதவைத் திறந்தது என்றால் மிகையல்ல. அத்தனை ஆண்டுகள் அத்தாய் மகளை ஒவ்வொரு முறையும் திருப்பி அனுப்பியதற்கு இந்தத் தவறான எண்ணமும் ஒரு காரணம் என்று பின்னர் தெரிந்தபோது, இதைப் பீடத்திலிருந்து வெளிப்படையாகச் சொல்லாமல் இருந்ததன் விளைவு எவ்வளவு பெரிது என்று உணர்ந்தோம்.

சட்டத்தின் வழி

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. அடி மட்டுமன்றி, சொல்லாலும் மனத்தாலும் பாலியல் வழியாகவும் செய்யும் கொடுமையையும், பணத்தைப் பறித்து வைப்பதையும் அது வன்முறையாகக் கொள்கிறது. வன்முறை நடக்கிறது என்று நம்பக் காரணமுள்ள எவரும், இச்சட்டத்தின்கீழ் அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்கு வராது என்று அதன் 4ஆம் பிரிவு கூறுகிறது. நமக்கேன் வம்பு என்று தயங்கும் அன்பியப் பொறுப்பாளர்களுக்கு இந்தப் பிரிவைத் தெரியப்படுத்துவது அவசியம்.

மாவட்ட சமூகநல அலுவலகத்தின் பாதுகாப்பு அலுவலர் நிகழ்வு அறிக்கையைப் பதிவு செய்தார். பங்கு, அச்சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்ற சேவை அமைப்பு அல்ல. ஆகவே அறிக்கையைத் தயாரிக்கும் வேலையை நாங்கள் எடுத்துக்கொள்ளாமல், உடன் செல்வதோடு நிறுத்திக்கொண்டோம். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச சட்ட உதவி உண்டு என்பதால், மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் வழக்கறிஞர் கிடைத்தார். பாதுகாப்பு ஆணை, பிள்ளைகளின் பொறுப்பு, பராமரிப்புத் தொகை ஆகியவை கேட்டு நீதித்துறை நடுவரிடம் மனு அளிக்கப்பட்டது. 19ஆம் பிரிவின்படி அந்த வீட்டிலேயே குடியிருக்கும் உரிமையையும் கேட்டிருக்கலாம். இருபுறமும் கணவரின் சகோதரர்கள் வீடுகள் இருந்ததால், அதற்குப் பதிலாக வாடகைத் தொகை கேட்பதை அவர் தேர்ந்துகொண்டார். கணவரின் கொடுமைக்கான குற்ற வழக்கு, 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85ஆம் பிரிவில் வருகிறது; அதைத் தொடுக்க அப்போது அவர் விரும்பவில்லை. எங்களில் இருவருக்கு அதில் உடன்பாடில்லை, எனினும் முடிவு அவருடையதாகவே விடப்பட்டது.

முதல் விசாரணை பொதுவாக மூன்று நாளுக்குள், மனுவின் தீர்வு 60 நாளுக்குள் என்பது சட்டம் வகுத்த இலக்கு. நடைமுறை அதைவிட மிக நீண்டது. இடைக்காலப் பாதுகாப்பு ஆணை கிடைத்தது. அதை மீறினால் ஓராண்டுவரை சிறையோ, 20,000 ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம் என்பதைக் கணவருக்கு அவருடைய வழக்கறிஞரே விளக்கினார்.

பேரவையில் நடந்த விவாதம்

வெளியேறிய செய்தி பரவியதும் பங்கு இரண்டுபட்டது. மனைவியை மீட்டுத் தரும்படி கணவர் பேரவையிடம் வேண்டினார். மூத்த உறுப்பினர் ஒருவர், "குடும்பத்தச் சேர்த்து வைக்கிறதுதானே ஃபாதர் நம்ம வேலை?" என்று மனம் நொந்து கேட்டார். அது உண்மையான வருத்தம். அதைப் பங்குத்தந்தை அலட்சியம் செய்யவில்லை.

அவர் திருச்சபைச் சட்டத்தின் 1153ஆம் பிரிவை வாசித்து விளக்கினார். துணைவருக்கோ பிள்ளைகளுக்கோ உடலுக்கோ மனத்துக்கோ கடும் ஆபத்தை உண்டாக்குகிறவர், மற்றவர் பிரிந்து செல்வதற்கு நியாயமான காரணத்தைத் தருகிறார். ஆயரின் ஆணையோடு பிரியலாம், தாமதம் ஆபத்து என்றால் தாமாகவே பிரியலாம் என்பது அதன் பொருள். பிரிவது சில வேளைகளில் அறநெறிப்படி தேவையானதும் ஆகிறது என்று 2016இல் திருத்தந்தை பிரான்சிசு குடும்பம் குறித்த தம் ஊக்கவுரையில் எழுதியதையும் எடுத்துக்காட்டினார். காரணம் நீங்கினால் மீண்டும் சேர வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறதே என்று மற்றோர் உறுப்பினர் கேட்டார். அது நல்ல கேள்வி. காரணம் நீங்கியதா என்பதை அடித்தவரின் கண்ணீரோ பேரவையின் தீர்மானமோ நிறுவ முடியாது. நீண்ட காலத்து நடத்தையும், ஆபத்தில் இருந்தவரின் அனுபவமுமே நிறுவ முடியும் என்று பங்குத்தந்தை பதிலளித்தார்.

கணவர் பேரவையிலிருந்தும் பாடகர் குழுப் பொறுப்பிலிருந்தும் விலகும்படி கேட்கப்பட்டார். குற்றம் நிரூபிக்கப்படவில்லையே என்ற எதிர்ப்புக்கு, இது தண்டனை அல்ல, பொறுப்பில் இருப்பவருக்குரிய தகுதி என்று விளக்கப்பட்டது. சபைக் கண்காணிப்பாளர் அடிக்கிறவராக இருக்கக் கூடாது என்று திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரம் வகுத்திருக்கிறது. நீதிமன்றத்தின் இடைக்கால ஆணையும் அப்போது வந்துவிட்டிருந்தது. அவருடைய உறவினர்களில் சில குடும்பங்கள் திருப்பலிக்கு வருவதை நிறுத்திக்கொண்டன. பங்கு அந்த இழப்பைத் தாங்கியாக வேண்டியிருந்தது.

டிசம்பரில் திருக்குடும்பப் பெருவிழா வந்தது. அன்றைய வாசகங்களுள் மனைவியர் பணிந்திருக்க வேண்டும் என்ற கொலோசையர் திருமுகத்தின் வரி உண்டு. பங்குத்தந்தை அதைத் தவிர்க்கவில்லை. அடுத்த வரியில் கணவர்கள் மனைவியரிடம் கடுமை காட்டக் கூடாது என்று எழுதப்பட்டிருப்பதை எடுத்துக்கொண்டு மறையுரை முழுவதையும் ஆற்றினார். எந்தக் குடும்பத்தையும் குறிப்பிடவில்லை. வீட்டில் அச்சத்தோடு இருப்பவர்கள் மருந்தகத்துக்கு வரலாம் என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிந்தைய மாதங்களில் வேறு இரு பெண்கள் அருட்சகோதரியிடம் பேச வந்தார்கள்.

கணவரிடம் பங்கு நடந்துகொண்ட முறை

அவரைக் கைவிடுவதும் நோக்கமல்ல. பக்கத்துப் பங்குக் குரு ஒருவர் அவரைத் தனியாகச் சந்திக்க ஏற்பாடு செய்யப்பட்டது. மனைவியின் பேச்சு, பணக் கணக்கு, தாய்வீட்டார் தலையீடு என்று காரணங்களை அடுக்குவதற்கு அங்கே இடமில்லை என்பது முதல் சந்திப்பிலேயே தெளிவாக்கப்பட்டது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 2006ஆம் ஆண்டு விதிகளும், நீதிமன்றம் அனுப்பும் ஆலோசனையில் எதிர்மனுதாரர் தம் வன்முறைக்கு நியாயம் கற்பிக்க அனுமதிப்பதில்லை. சில முறை வந்தார், பின் நின்றுவிட்டார்.

தவக்காலத்தில் தம் தாயின் வழியாக மன்னிப்புக் கடிதம் அனுப்பினார். அதை அப்பெண்ணிடம் சேர்ப்பதா என்று நால்வரும் ஆலோசித்தோம். ஆணை நடப்பில் இருக்கும்போது மூன்றாமவர் வழியாகத் தொடர்புகொள்வதும் மீறலாகலாம் என்பதால், கடிதம் வழக்கறிஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. வாசிப்பதா என்பதை அப்பெண்ணே தீர்மானித்தார். வாசித்தார். தாம் மன்னித்துவிட்டதாகவும், திரும்பிப் போகப்போவதில்லை என்றும் அருட்சகோதரியிடம் கூறினார். இவ்விரண்டும் ஒருசேர இருக்க முடியும் என்பதைப் பேரவையில் பலரால் ஏற்க முடியவில்லை. மன்னித்தவர் மீண்டும் அதே வீட்டில் படுத்துறங்கித்தான் மன்னிப்பை மெய்ப்பிக்க வேண்டும் என்று நற்செய்தியில் எங்கும் இல்லை.

இன்றைய நிலை

அவர் தாய்வீட்டுக்கு அருகில் ஒற்றை அறையை வாடகைக்கு எடுத்து, ஒரு தையலகத்தில் வேலை செய்கிறார். பராமரிப்புத் தொகை சில மாதங்கள் வருகிறது, சில மாதங்கள் வருவதில்லை. அதற்காக மீண்டும் நீதிமன்றம் போக வேண்டியிருக்கிறது. ஒரு காதில் கேட்கும் திறன் குறைந்துவிட்டது. அது திரும்பாது என்று மருத்துவர் கூறியிருக்கிறார். மகள் வகுப்பில் பேசத் தொடங்கியிருக்கிறாள். மகன் தந்தையைக் கேட்டு அழுகிறான்; பிள்ளைகளைத் தந்தை சந்திப்பது நடுவர் குறித்த நாளில், குறித்த இடத்தில் மட்டும் நடக்கிறது. மணமுறிவு பற்றி அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. கிறிஸ்தவர்களுக்கான மணமுறிவுச் சட்டத்தில் 2001இல் செய்த திருத்தத்துக்குப் பின் கிறிஸ்தவப் பெண்ணுக்கும் கொடுமை ஒன்றே மணமுறிவுக்குப் போதிய காரணம் என்பது அவருக்கு விளக்கப்பட்டிருக்கிறது.

மாற்ற வேண்டியவை

இருவரையும் ஒன்றாக அழைத்து விசாரிப்பதில்லை என்ற விதி இப்பங்கில் எழுத்தில் வந்திருக்கிறது. யார் புகார் சொன்னாலும் முதலில் பெண் தனியாக, பெண்ணிடம் பேசுவார். அன்பியப் பொறுப்பாளர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை பாதுகாப்பு அலுவலரை அழைத்து வகுப்பு நடத்தப்படுகிறது. உதவி எண்கள் அறிவிப்புப் பலகையிலிருந்து எடுக்கப்பட்டு, பெண்கள் கழிப்பறையின் உட்புறக் கதவில் ஒட்டப்பட்டுள்ளன. பலகையின் முன் நின்று அந்த எண்ணைக் குறித்துக்கொள்ள எந்தப் பெண்ணாலும் முடியாது.

இன்னும் நிறைவேறாதவை உண்டு. பிள்ளைகளின் மனநலத்துக்கு உதவி தேட நாங்கள் காட்டிய வேகம் போதாது; தாயின் பாதுகாப்பில் கவனம் முழுவதும் சென்றதால், முதல் ஆலோசனை கிடைப்பதற்குள் பல மாதங்கள் கழிந்தன. மறைக்கல்வி ஆசிரியர்கள் கவனிப்பதை யாரிடம் சொல்ல வேண்டும் என்பதற்கு இப்போதும் தெளிவான வழி இல்லை. திருமணத் தயாரிப்பு வகுப்பில் இப்பொருளுக்கு ஒரு முழு அமர்வு வேண்டும் என்று கேட்டிருக்கிறோம். வின்சென்ட் தே பவுல் சபையின் நிதி ஒரு குடும்பத்துக்கே ஏறத்தாழ முழுவதும் செலவாகிவிட்டதால், இதற்கெனத் தனி நிதி ஒதுக்கும் தீர்மானம் அடுத்த பேரவைக் கூட்டத்தில் வைக்கப்படுகிறது. முன்பு சமரசம் செய்துவைத்த அந்த அன்பியப் பொறுப்பாளரே அதை முன்மொழிகிறார்.